ஒரு சகோதரக் கட்சி தேவை

லேசன் கவாலே தேசிய மறுமலர்ச்சி முன்னணியின் வெளியுறவுச் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், செயற்குழுவில் அவர் ஒருவரிடம்தான் பாஸ்போர்ட் இருந்தது. அதுவும் காலாவதியான பாஸ்போர்ட். பல வருஷங்களுக்கு முன், பூகோள ஆசிரியர்களுக்கு வெளிநாட்டில் பயிற்சி என்று சொல்லி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். பயிற்சிக்கு யாரோ அதிகாரியின் மைத்துனர் போய் வந்தார். லேசனின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

"காலாவதியானா என்ன வாத்தியாரே?" என்றார் கட்சித் தலைவர் ஆல்ஃபன்சோ காம்பிண்டா. "வெளியுறவுக்கு அனுபவமா முக்கியம்? ஆர்வம்தான் முக்கியம்."

மலாவி ஏரிக்கரையில் சிபோண்டே என்ற ஊரில் இது நடந்தது. முப்பது வருஷமாக நாட்டில் ஒரே கட்சி. அதன் அட்டை இல்லாமல் சந்தைக்குள் நுழைய முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. பிறகு வாக்கெடுப்பு வந்தது, ஜனநாயகம் வந்தது, முதல் மழைக்குக் கரையான் புற்றில் காளான் முளைக்கிற மாதிரி கட்சிகள் முளைத்தன. எதைத் தின்னலாம், எது விஷம் என்று யாருக்கும் தெரியவில்லை.

காம்பிண்டா பழைய கட்சியில் இருந்துகொண்டு சந்தை வாசலில் அட்டை சோதித்தவர். வாக்கெடுப்பு முடிவு வானொலியில் வந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலத் தேநீருக்கும் நடுவில் அவர் ஜனநாயகவாதி ஆனார். அவருக்குச் சொந்தமாக ஒரு மக்காச்சோள மாவு மில் உண்டு. மில்லின் மூட்டை அறைதான் கட்சி அலுவலகம். செயற்குழு முடிந்து வெளியே வருகிறவர்கள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெள்ளைவெளேர் என்று இருப்பார்கள். எங்கள் கட்சியில் கறை படிந்தவர் ஒருவரும் இல்லை என்று தலைவர் மேடையில் முழங்கியதை எவரும் மறுக்க முடியாமல் போனது அதனால்தான்.

தேர்தலில் முன்னணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தொகுதி. அது தலைவருடையது. நாடாளுமன்றத்துக்குப் போன முதல் வாரமே அவர் தேநீர் அறையில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினார்.

"பக்கத்து நாற்காலிக்காரன் கட்சியும் ஒரே சீட்டு, நம்ம கட்சியும் ஒரே சீட்டு," என்று மூட்டை மேல் உட்கார்ந்து பொருமினார். "அவனுக்கு மட்டும் பளபளன்னு வெள்ளை ஜீப்! எப்படிடான்னு கேட்டா, வெளிநாட்டுல எங்களுக்கு ஒரு சகோதரக் கட்சி இருக்குங்கறான். வாத்தியாரே, நமக்கும் ஒண்ணு பாருங்க."

"எந்த மாதிரி பாக்கணும் தலைவரே?"

"நல்ல வசதியான குடும்பமா இருக்கணும். மத்ததெல்லாம் பேசிக்கலாம்."

இந்த வேலையை நல்லபடி முடித்தால் ஒருநாள் லேசனைத் தூதராக்குவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்தார். எந்த நாட்டுக்கு என்று லேசன் கேட்கவில்லை. அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று அரசர்களுக்குக் கைகொடுத்துப் பழகினார். குனிய வேண்டியது எவ்வளவு, நிமிர வேண்டியது எவ்வளவு என்பதில் அவருக்குத் தீராத குழப்பம் இருந்தது. ஒருநாள் பாதி குனிந்த நிலையில் மனைவி எனலெசி பார்த்துவிட்டாள்.

"இடுப்புப் பிடிச்சிடுச்சா?"

"இல்ல. ராஜதந்திரம்."

"அப்ப தைலம் போட்டாலும் போகாது."

எனலெசி ஊர்ச் சுகாதார நிலையத்தில் தாதி. சிபோண்டேயிலும் சுற்றுப்பட்டிலும் பிறக்கிற பிள்ளைகள் அவள் கையில்தான் விழும். போன அக்டோபர் சூறைக்காற்று பிரசவ அறையின் தகரக் கூரையைப் பிய்த்து ஏரியில் போட்டுவிட்டது. அவள் மனு மேல் மனு போட்டாள். கூரை வரவில்லை. மேலே பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள்.

"சகோதரக் கட்சி கிடைச்சதும் முதல் வேலை உன் கூரைதான்," என்றார் லேசன். அதை அவர் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு ஊரார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார். தூதர் ஆகப் போகிறவருக்குச் சொல் ஒன்றுதானே சொத்து.

வெளிநாட்டுக் கட்சிகளுக்குக் கடிதங்கள் போயின. பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் கட்சிக்கு ஒரு வெளியுறவுக் கொள்கை வேண்டும் என்று லேசனுக்குத் தோன்றியது. பள்ளி முடிந்ததும் வானொலி கேட்பார். உலகத்தில் எங்கே சண்டை என்றாலும் ஓர் அறிக்கை தட்டச்சடித்து மில் சுவரில் ஒட்டுவார். 'இரு தரப்பும் உடனடியாகப் பின்வாங்க வேண்டும் என்று முன்னணி எச்சரிக்கிறது.' மாவு அரைக்க வரிசையில் நிற்கும் பெண்கள் அதைப் படித்துவிட்டு, "பின்வாங்கிட்டாங்களா வாத்தியாரே?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். "பரிசீலனையில இருக்கு," என்பார் லேசன். ஒரு தடவை நிஜமாகவே ஒரு படை பின்வாங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. அடக்கமாக இருக்கிறாராம்.

கடைசியில் இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் வடக்கே ஒரே பனி நாட்டிலிருந்து. நட்பு நாடு என்பதால் பெயரைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஒன்று உழைப்பாளர் ஒற்றுமைக் கட்சி எழுதியது, மற்றது கிறிஸ்தவ மரபுக் கட்சி எழுதியது. இரண்டும் அன்பாக நலம் விசாரித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன: தாங்கள் இடதுசாரியா, வலதுசாரியா?

செயற்குழு அவசரமாகக் கூடியது.

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் பொருளாளர் யோனா. அவர் மீன் வியாபாரி. "நம்ம ரோட்டுல வண்டி இடது பக்கம்தான் போகுது."

"நசிமாக் களியை எந்தக் கையால உருட்டித் திங்கிற?" என்று மடக்கினார் தலைவர். "ரோடு முக்கியமா, சோறு முக்கியமா?"

லேசன் கரும்பலகை இல்லாத குறையை உணர்ந்தபடி விளக்கினார். "இடதுன்னா, இருக்கிறவங்ககிட்ட வாங்கி இல்லாதவங்களுக்குக் குடுக்கறது. வலதுன்னா, இருக்கிறவங்ககிட்டயே அதை விட்டுவெச்சு, இல்லாதவங்களுக்காக ஜெபம் பண்றது."

தலைவர் நெடுநேரம் யோசித்தார். "நம்மகிட்ட இப்ப இருக்கா, இல்லையா?"

"இல்ல தலைவரே."

"அப்ப நாம இடது. வந்ததுக்கப்புறம் வலது."

எல்லோரும் கைதட்டினார்கள். மாவு பறந்தது. தலைவர் அதோடு விடவில்லை. "கொள்கைங்கிறது சட்டை மாதிரி வாத்தியாரே. வீட்டுல இருக்கும்போது யார் போட்டுக்கறா? விருந்தாளி வந்தா எடுத்து மாட்டணும். வர்ற விருந்தாளிக்கு எந்த நிறம் பிடிக்கும்னு தெரிஞ்சு மாட்டறவன்தான் தலைவன். ரெண்டு பேருக்கும் எழுதுங்க."

லேசன் உழைப்பாளர் கட்சிக்கு, நாங்கள் தாய் வயிற்றிலேயே இடதுசாரிகள் என்று எழுதினார். எழுதும்போது கை கூசியது. அடுத்து மரபுக் கட்சிக்கு, நாங்கள் தாத்தா காலத்து வலதுசாரிகள் என்று எழுதினார். அதற்குள் கூச்சம் தெளிந்து நடை நன்றாக வந்துவிட்டது. தன்னிடம் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததை எண்ணி அவருக்குப் பயமும் கொஞ்சம் பெருமையும் உண்டாயிற்று.

இரு கட்சிகளும் ஆளுக்கொரு பிரதிநிதியை அனுப்புவதாகத் தந்தி கொடுத்தன. இடது செவ்வாய்க்கிழமை, வலது வியாழக்கிழமை. ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. செவ்வாய்க்குச் சிவப்புச் சிட்டெஞ்சேத் துணி கட்டிய பெண்கள், உழைப்பைப் பற்றிய பாட்டு. வியாழனுக்கு அதே பெண்கள், நீலத் துணி, ஞானப்பாட்டு. பாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு சோப்புக்கட்டி.

செவ்வாய்க்கிழமை புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெள்ளை வண்டி வந்து நின்றது. ஒரு கதவைத் திறந்து, வெயிலில் சிவந்த முகத்தோடு நெட்டையாக ஓர் அம்மாள் இறங்கினார். உழைப்பாளர் கட்சியின் சோல்வேய். பெண்கள் உழைப்புப் பாட்டை எடுத்தார்கள். மறுபக்கக் கதவைத் திறந்து, அந்த வெயிலிலும் டை கட்டிய ஒரு குண்டு மனிதர் இறங்கி, "ஆர்விட். கிறிஸ்தவ மரபுக் கட்சி," என்று கை நீட்டினார்.

லேசன் பழகிவைத்திருந்த குனிதலை மறந்து அப்படியே நின்றார். பெண்களோ சற்றும் கலங்காமல் பாட்டின் நடுவிலேயே ஞானப்பாட்டுக்குத் தாவினார்கள். ராகம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

"நீங்க... வியாழக்கிழமை..." என்று திணறினார் லேசன்.

"ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு வண்டி, ரெண்டு பெட்ரோல்?" என்றார் சோல்வேய்.

"நீங்க ரெண்டு பேரும் எதிரி இல்லையா?"

"தேர்தல் வரைக்கும்தான்," என்றார் ஆர்விட். "இப்ப எங்க நாட்டுல ரெண்டு கட்சியும் சேர்ந்துதான் ஆட்சி நடத்தறோம். என் மனைவியும் இவங்களும் ஒரே பாட்டுக் குழு."

காம்பிண்டா லேசனின் காதைக் கடித்தார். "இந்தப் பாடத்தை இவங்க முதல்லயே சொல்லியிருந்தா ஒரு நிறத் துணிச் செலவு மிச்சமாகியிருக்குமே!"

பிறகு தலைவர் மேடையேறினார். இரண்டு விருந்தாளிகளையும் ஒரே பேச்சில் குளிரவைக்க வேண்டிய இக்கட்டு. அவர் அசரவில்லை. வேதத்தைத் துணைக்கு அழைத்தார்.

"வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு வேதம் சொல்லுது. எங்க கட்சி அதுக்கும் ஒரு படி மேல. இடது கை வாங்கறது வலது கைக்குத் தெரியாது! வலது கை வாங்கறது இடது கைக்குத் தெரியாது! ரெண்டு கையும் வாங்கறது ஊருக்கே தெரியாது!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. விருந்தாளிகள் மொழிபெயர்ப்புக்காக லேசனைப் பார்த்தார்கள்.

"கட்சியின் கணக்கு வழக்குகள் மிகவும் கட்டுப்பாடானவை என்கிறார்," என்றார் லேசன்.

சம்போ மீனும் நசிமாவும் பரிமாறிய பிறகு, உங்களுக்கு என்ன தேவை என்று சோல்வேய் கேட்டார். தலைவர் ஜீப்புக்காகத் தொண்டையைச் செருமுவதற்குள் எனலெசி எழுந்துவிட்டாள்.

"பிரசவ அறைக்குக் கூரை வேணும்மா. மழை வர்றதுக்குள்ள."

சோல்வேய் உண்மையாகவே வருந்தினார். "கூரை முடியாதும்மா. கூரைங்கிறது வளர்ச்சி. நாங்க ஜனநாயகம். அது வேற நிதி."

"கூரையைப் பத்தி ஒரு கருத்தரங்கு வேணா நடத்தலாம்," என்றார் ஆர்விட். "மக்கள் உக்காந்து பேசினா அது ஜனநாயகத்துல வந்துடும்."

கருத்தரங்கு நடந்தது. 'ஜனநாயகத்தில் கூரையின் பங்கு.' கூரையில்லாத அந்தப் பிரசவ அறைக்கு எதிரில் பெரிய கூடாரம் அடித்து, நாற்காலி போட்டு, எல்லோருக்கும் பேனாவும் குளிர்பானமும் மண்டாசிப் பலகாரமும் கொடுத்தார்கள். ஊரார் குழு குழுவாகப் பிரிந்து, கூரை அவசியம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு குழு மட்டும் கூரையோடு சுவருக்கும் வெள்ளையடிக்க வேண்டும் என்று மாற்றுக் கருத்து வைத்தது. கருத்துச் சுதந்திரம் என்று ஆர்விட் அவர்களைப் பாராட்டினார்.

"இந்தக் கூடாரத்தையாவது விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள் எனலெசி.

"வாடகைக்கு எடுத்ததும்மா," என்றார்கள்.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகலில் லேசன் அண்டைக் கண்டத்து நெருக்கடி பற்றி அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தபோது எனலெசி வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். பிரசவத்தின் நடுவில் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து, தேங்கிய தண்ணீர் மொத்தமும் தாய் மேல் கொட்டியிருக்கிறது. பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. அவள் அதைத் தன் மார்போடு கட்டிக்கொண்டு சூடேற்றி, அழவைத்துவிட்டு வந்திருந்தாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள், அடுப்பின் அருகே போய் உட்கார்ந்தாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது லேசனுக்கு. தட்டச்சு இயந்திரத்தில் பாதி நின்ற வாக்கியத்தைப் பார்த்தார். 'இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று முன்னணி...' தாளை உருவிக் கசக்கினார். ஊர் முன்னால் எழுந்து நின்று வாக்குக் கொடுத்த ஆள் யாராவது கண்ணாடியில் தெரிகிறாரா என்று பார்த்தார். அரசர்களுக்குக் கைகொடுக்கிற ஒரு கோமாளிதான் தெரிந்தான். புதுத் தாளைச் செருகி சோல்வேய்க்கு எழுதினார். கொள்கையும் இல்லை, சகோதரத்துவமும் இல்லை. ஒரே கேள்வி: ஜனநாயக நிதியில் எந்தக் கட்டடத்துக்காவது கூரை உண்டா?

பதில் வந்தது. உண்டு. கட்சி அலுவலகத்துக்கு உண்டு. அது நிறுவனங்களை வலுப்படுத்தும் இனத்தில் வரும்.

லேசன் சுகாதார நிலையக் குழுவிடம் ஓடினார். கட்சிக்காரன் காலடி வைத்தால் விளங்குமா என்று அவர்கள் தயங்கினார்கள். காலடியே வைக்க மாட்டேன், பலகை மட்டும் வைப்பேன் என்று லேசன் சத்தியம் செய்தார். பிரசவ அறை அன்று முதல் தேசிய மறுமலர்ச்சி முன்னணியின் வெளியுறவுத் துறைத் தலைமையகம் ஆயிற்று. தலைவருக்கு இதைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார் லேசன்.

அதற்குத் தேவையே வரவில்லை. தலைவர் நாட்டு நலனை முன்னிட்டு ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். வானொலியில் அவர் குரலே வந்தது: "நான் கட்சி மாறவில்லை. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கட்சிகள்தான் எனக்குக் கீழே நகர்ந்துவிட்டன." அவருக்குத் தூதர் பதவி தரப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. எந்த நாட்டுக்கு என்று கேட்டால், அதே பனி நாட்டுக்கு. லேசன் வானொலியை அணைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாடு, அரசர், கைகுலுக்கல் எல்லாம் சரியாகத்தான் நடக்கப்போகிறது; ஆள்தான் வேறு.

யோனாவும் மீன் விலை ஏறிவிட்டது என்று காரணம் சொல்லிக் கட்சியிலிருந்து விலகினார். இப்போது முன்னணியில் தலைவர், பொருளாளர், தொண்டர், வெளியுறவு எல்லாம் லேசன்தான். அன்றுவரை இல்லாத ஒற்றுமை கட்சிக்குள் நிலவியது.

கூரைத் தகடுகள் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே காம்பிண்டாவின் லாரி சுகாதார நிலையத்தின் முன் வந்து நின்றது.

"வாத்தியாரே, என் மில்லு ஒழுகுது," என்றார் அவர் உரிமையோடு. "தகடு கட்சிக்கு வந்தது. கட்சியை ஆரம்பிச்சவன் நான். ஏத்தச் சொல்லுங்க."

லாரியில் நாலு தடியர்கள் இருந்தார்கள். பின்னால் எனலெசி இடுப்பில் கை வைத்து நிற்பது தெரிந்தது. ஓடவும் வழியில்லை.

"தாராளமா எடுத்துக்கங்க தலைவரே," என்றார் லேசன். "ஆனா நீங்க இப்ப ஆளுங்கட்சி. நான் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி ஆபீஸ் கூரையை ஆளுங்கட்சி தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு அடக்குமுறை. நான் அறிக்கை விடவேண்டி வரும்."

"உன் அறிக்கையை யாருய்யா படிக்கிறா? மில்லுக்கு வர்ற பொம்பளைங்கதானே?"

"இந்தத் தடவை சுவத்துல ஒட்ட மாட்டேன் தலைவரே. தகடு அனுப்பினவங்களுக்கு அனுப்புவேன். நீங்க தூதராப் போய் இறங்கற ஊர்ல, அவங்க ரெண்டு கட்சியும்தான் ஆட்சி."

காம்பிண்டா அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதை இருந்தது. "வாத்தியாரே, நீ கெட்டுப்போயிட்ட," என்றார். "அரசியல்வாதி ஆயிட்ட." லாரி வந்த வழியே திரும்பியது. லேசன் அந்தத் தகட்டு அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூரை ஏறியது. வாசலில் பலகையும் ஏறியது. மார்ச் மாதம், கொடுத்த பணத்துக்கு அலுவலகம் இயங்குகிறதா என்று பார்க்க சோல்வேயும் ஆர்விட்டும் முன்னறிவிப்பின்றி வந்தார்கள். லேசன் பள்ளியிலிருந்து சுண்ணாம்புக் கையோடு ஓடிவந்தார். வாசலில் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் ஆர்விட்.

"கட்சிப் பணிக்கு வந்தவங்க."

உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. "அது?" என்றார் ஆர்விட்.

"கூட்டம் நடக்குது. கொஞ்சம் காரசாரமா."

அலறல் ஓய்ந்தது. பிறகு வீறிட்டு ஒரு பிஞ்சு அழுகை கிளம்பியது. வாசலில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

"புது உறுப்பினர் சேர்ந்துட்டார்," என்றார் லேசன்.

ஆர்விட் டையைத் தளர்த்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சோல்வேய் மட்டும் பலகையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், வரிசையில் இருந்த ஒவ்வொரு வயிற்றையும் பார்த்தார். லேசன் தன் பொய்களையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி, எதிலிருந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தார்.

சோல்வேய் பேனாவை எடுத்து எழுதியபடியே வாய்விட்டுப் படித்தார். "பெண்கள் பங்கேற்பு: மிகச் சிறப்பு. இளைஞர் சேர்க்கை: நாங்கள் பார்த்த எந்தக் கட்சியிலும் இவ்வளவு இளையவர்கள் இல்லை." பேனாவை மூடினார். "அடுத்த வருஷம் அலுவலகத்துக்குக் கட்டில் போடலாமான்னு பாக்கறேன். நாற்காலின்னு எழுதித்தான் குடுக்க முடியும்."

அவர்கள் வண்டி ஏறிப் போனதும் வானம் கறுத்து மழை கொட்ட ஆரம்பித்தது. புதுத் தகட்டில் அது விழுகிற சத்தம் ஊரே கைதட்டுகிற மாதிரி இருந்தது. அதை உள்ளேயிருந்து கேட்க லேசனுக்கு ஆசை. தலைமையகத்தின் கதவைத் தட்டினார்.

எனலெசி கதவை ஒரு விரற்கடை திறந்தாள். கையில் துணி சுற்றிய சிசு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"உள்ள வரட்டுமா? நனையுது."

"ஆம்பளைங்க வரக்கூடாது. நீங்க வெளியுறவுச் செயலாளர்தானே?" என்றாள். "வெளியவே நில்லுங்க."